ஆறாத குவியல்

டாக்டர் காட்டுக்குள் போய்த் திரும்பி வராமல் போன அந்த வருஷம், வடக்கு மூலையில் அவர் கட்டிவிட்டுப் போன இலைக் குவியல் மட்டும் ஆறவே இல்லை.

ஊசி போடுகிற டாக்டர் இல்லை அவர். மூடிப்போன மர அறுவை மில் ஒன்றின் பின்பக்கத்தை வாடகைக்கு எடுத்து, நாற்றங்கால்களுக்கு வேண்டிய கலவை தயாரித்து விற்றுக்கொண்டிருந்தவர். மரத்தூள், மரப்பட்டை, நெல் உமி, வைக்கோல், சோளத்தட்டை, காட்டில் உதிர்ந்த சருகு என்று வயலும் காடும் கழித்துப் போட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு வருவார். சருகு வாருவதற்கும் அவரிடம் ஒரு தாளம் உண்டு, நீளமாக இரண்டு இழுப்பு, குட்டையாக ஒன்று. கோழி எரு சேர்த்து, தண்ணீர் தெளித்து, ஆள் உயரத்துக்குக் குவித்து மக்கவைப்பார். மக்கத் தொடங்கினால் குவியலுக்குள் சூடு ஏறும். ஒரு நீள இரும்புக் கம்பியை உள்ளே செருகி, கொஞ்சம் பொறுத்து உருவி, உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார். கை பொறுக்காவிட்டால் முகம் மலரும். "மாப்பிள்ளைக்கு நல்ல காய்ச்சல்" என்பார். சூடு இறங்கினால் புரட்டிப் போட வேண்டும், மறுபடி ஏறும். பல தடவை புரட்டியபின் ஒருநாள் காய்ச்சல் முழுசாக விட்டு, கறுத்து, முதல் மழை விழுந்த மண்ணைப் போல மணக்கும். அப்போதுதான் சலிப்பார். இந்தக் கம்பி வைத்தியத்தைப் பார்த்துச் சிரித்த யாரோ வைத்த பெயர்தான் டாக்டர். அது அவர் சொந்தப் பெயரையே விழுங்கிவிட்டது.

மில்லின் பழைய ஆபீஸ் அறைகள் இரண்டில்தான் குடித்தனம். டாக்டர், அவர் மனைவி, அவர் தங்கை. தங்கைக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணம் ஒத்துவராமல் அண்ணன் வீட்டுக்கு வந்து பல வருஷம் ஆகிவிட்டது. குழந்தையாக இருந்தபோது அண்ணன் கூப்பிட்ட "பாப்பா" அப்படியே ஒட்டிக்கொண்டதால், நரை எட்டிப் பார்த்தும் ஊருக்கு அவள் பாப்பாதான். லோடு அடிக்கிற லாரி டிரைவர் மட்டும் மரியாதை குறையக் கூடாதென்று "பாப்பாக்கா" என்பான். காலி ரோட்டிலும் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறவன் என்பதால் அவனுக்கு ஹாரன் என்றே பெயர்.

வேனில் முடியப்போகிற நேரம். காட்டோரத்தில் சருகு அள்ளுவதற்கான அனுமதி இன்னும் கொஞ்ச நாளுக்குத்தான் இருந்தது. முந்தின நாள் வந்த சருகையெல்லாம் டாக்டர் தன் கையாலேயே வடக்கு மூலையில் கட்டி முடித்திருந்தார். அது போதாது, இன்னொரு லோடு வேண்டும் என்று காலையில் கிளம்பினார். கிளம்பும்போது புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ சச்சரவு. அடுத்த அறையில் தலை வாரிக்கொண்டிருந்த பாப்பாவுக்கு வார்த்தைகள் பிடிபடவில்லை. அண்ணியின் குரல் உயர்ந்தது, ஏதோ சரக்கென்று கிழிந்தது, அண்ணன் சிரித்தார். அவ்வளவுதான். ஆனால் அண்ணி சத்தம் போடுகிற ஆளே இல்லை. ஒரு வார்த்தை போதுமென்றால் இரண்டாவது வார்த்தையைச் செலவழிக்க மாட்டாள்.

பொழுது சாய லாரி மட்டும் வந்தது.

"டாக்டர் எங்கடா?" என்றாள் பாப்பா.

"நடந்து வரேன்னாரு, பாப்பாக்கா. உள்ள ஒரு பெரிய மரம் விழுந்து மக்கிக் கிடக்குதாம். செக்கச்செவேல்னு பொடியா உதிருதாம். ஒரு சாக்கு அள்ளிட்டு வரேன், நீ போய் லோட இறக்குன்னாரு."

அப்படிச் சிவந்து மக்கிய மரம் என்றால் அண்ணனுக்கு உயிர். பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைக்கும், விதைப்புக் கலவையில் ஒரு பிடி சேர்த்தால் வேர் நூல் நூலாக இறங்கும் என்பார். அதனால் யாரும் கவலைப்படவில்லை. ஹாரன் லோடை வடக்குக் குவியல் மேலேயே கொட்டி, நிரவிவிட்டுப் போனான். சோறு ஆறியது. விளக்கு போட்டார்கள். அவர் வரவில்லை.

மறுநாளிலிருந்து தேடினார்கள். வனக்காவலர்கள், போலீஸ்காரர்கள், சுற்றுப்புறத்து ஆட்கள் என்று ஒரு கூட்டமே காட்டுக்குள் இறங்கியது. ஹாரன் காட்டிய பாதையோரத்தில் ஒரு மரம் விழுந்து கிடக்கத்தான் செய்தது. அதைச் சுற்றிச் சல்லடை போட்டுத் தேடியும் ஒரு செருப்புத் தடம்கூட அகப்படவில்லை. இரண்டாம் நாள் போலீஸ் நாய் ஒன்று வந்தது. மோப்பம் கொடுப்பதற்காக அதை முதலில் வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். அண்ணி டாக்டரின் தலையணை உறையைக் கொடுத்தாள். நாய் அதை முகர்ந்தது. வாசல் பக்கம் போகாமல், நேராக முற்றத்தைக் கடந்து வடக்கு மூலைக்குப் போய், குவியலைப் பார்த்தபடி உட்கார்ந்து குரைக்க ஆரம்பித்தது.

"அவர் கைபட்ட குப்பைதானே. வேர்வை வாசம் இருக்கும்" என்றார் நாயைப் பிடித்திருந்த போலீஸ்காரர். சங்கிலியைச் சுண்டி இழுத்துக்கொண்டு போனார். நாய் போகிற வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

தேடல் மெல்ல மெல்ல அடங்கியது. ஆட்கள் அவரவர் வேலைக்குப் போனார்கள். பெண்கள் இருவரும் தொழிலை விடவில்லை, விடவும் முடியாது. அண்ணி குவியல்களைப் புரட்டினாள். பாப்பா சலித்து, உமிக்கரி கலந்து, மூட்டை கட்டினாள். ஒவ்வொரு கலவையிலும் ஒரு தட்டு நிரப்பி முள்ளங்கி விதை தூவி வைப்பது பாப்பாவின் பொறுப்பு. கலவை முழுசாக மக்காமல் இருந்தால் முளை மஞ்சளித்துச் சுருண்டுவிடும். அப்படி எதுவும் வெளியே போகக்கூடாது என்பதில் அவள் கறார்.

மற்ற குவியல்களெல்லாம் காய்ச்சல் விட்டு ஆறின. வடக்குக் குவியல் ஆறவில்லை.

"அண்ணி, அத ஒரு தடவ புரட்டிப் போடலாமா?"

"இருக்கட்டும்."

"புரட்டாம விட்டா உள்ள புளிச்சுப் போயிடும்."

"போகாது."

"நாற்றுப்பண்ணைக்காரர் இலைமக்கு உரம் கேட்டு ஆள் மேல ஆள் அனுப்புறாரு. அவருக்கு என்ன பதில் சொல்றது?"

"இல்லன்னு சொல்லு" என்று அண்ணி குப்பை வாரியை எடுத்துக்கொண்டு வேறு குவியலுக்குப் போய்விட்டாள்.

பாப்பா ஒரு மத்தியானம் கம்பியை வடக்குக் குவியலுக்குள் செருகிப் பார்த்தாள். உருவியபோது கை சுட்டது. கம்பியைக் கீழே போட்டுவிட்டு உள்ளங்கையைச் சேலையில் தேய்த்துக்கொண்டாள். நியாயமாகப் பார்த்தால் எப்போதோ தணிந்திருக்க வேண்டிய சூடு.

அதன்பிறகுதான் அவளுக்குப் பயம் பிடித்தது.

விடிகாலையில் எல்லாக் குவியல்களிலிருந்தும் ஆவி எழும். அது பரவலாக, போர்வை விரித்தது போல எழும். வடக்குக் குவியலில் மட்டும் ஒரே இடத்தில் நேராக எழுந்தது. ஜன்னலிலிருந்து பார்த்தால் குவியலுக்குப் பக்கத்தில் யாரோ நிற்பது போல இருந்தது. மூட்டை சுமந்து சுமந்து அண்ணனுக்கு இடது தோள் சற்று இறங்கியிருக்கும். அந்த ஆவிக்கும் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. ஆவிதான், வெறும் ஆவி, என்று பாப்பா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள். மறுநாளும் பார்த்தாள். மறுநாளும் சாத்தினாள்.

குவியல் உள்ளுக்குள் அமிழும்போது காற்று புஸ்ஸென்று வெளியே வரும். வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகிய சத்தம் அது. இப்போது அது செருமலாகக் கேட்டது. வெளியிலிருந்து வருகிறவர், வீட்டில் பெண்கள் இருக்கிறார்களே என்று நிலைப்படியில் நின்று செருமிவிட்டு உள்ளே வருவாரே, அப்படி. ஒரு தடவை பாப்பா தன்னை மறந்து, "வா அண்ணா, திறந்துதான் இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அடுப்படியிலிருந்த அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவள் கையிலிருந்த கரண்டி அசையாமல் நின்றது.

பயம் ஒரு இடத்தில் நிற்பதில்லை. நாயின் நினைவு வந்தது. அண்ணன் கிளம்பிய காலையில் கேட்ட சச்சரவும், ஏதோ கிழிந்த சத்தமும் நினைவுக்கு வந்தன. அண்ணி இத்தனை நாளில் வாய்விட்டு ஒரு தடவைகூட அழவில்லை. ஹாரன் இந்தப் பக்கமே தலைகாட்டுவதில்லை. லோடு அடிக்க வேறு லாரியை அனுப்புகிறான். அன்றைக்கு அண்ணன் நடந்து வந்தே சேர்ந்திருந்தால்? நான் அறைக்குள் இருந்த நேரத்தில் வந்து, இங்கே ஏதாவது நடந்திருந்தால்? குவியல் ஆள் உயரம். மேலே அன்றுதான் புது லோடு கொட்டியிருந்தது.

சீச்சீ, என்ன புத்தி இது என்று பாப்பா தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணி பரிமாறிய சோற்றைச் சாப்பிடும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒருநாள் டெலிவரிக்குப் போனவள் பாதியில் திரும்பி வந்தபோது, அண்ணி வடக்குக் குவியலில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக்கொண்டு குனிந்து எதையோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாப்பாவைக் கண்டதும் நிமிர்ந்தாள். பக்கத்தில் ஒரு காலி வாளி இருந்தது.

"யார்கிட்ட பேசினீங்க?"

"யார்கிட்டயும் இல்ல" என்றாள் அண்ணி. வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மழை ஆரம்பித்தது. குவியல்கள் மேல் தார்ப்பாய் போட்டார்கள். வடக்குக் குவியலின் தார்ப்பாய்க்கு அடியில் ஆவி தேங்கி, விளிம்புகளில் வியர்த்துச் சொட்டியது. மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு நாள், உமி எடுத்து வர அண்ணி அரிசி மில்லுக்குப் போனாள். வண்டி தெருமுனை திரும்புகிறவரை பாப்பா காத்திருந்தாள். பிறகு நான்கு பல் இரும்பு வாரியை எடுத்துக்கொண்டு வடக்கு மூலைக்குப் போனாள்.

தார்ப்பாயை விலக்கியதும் சூடு முகத்தில் அடித்தது. மேலே இருந்த சருகு இன்னும் சருகாகவே இருந்தது. அதற்குக் கீழே கறுத்து, இலை நரம்புகள் மட்டும் மிஞ்சியிருந்தன. இன்னும் கீழே சாம்பல் தூவியது போல வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. ஒவ்வொரு வாரிக்கும் காடே எழுந்து வந்தது போல வாசம் வந்தது. வாரியின் பல் எதிலாவது மெத்தென்று இறங்கிவிடுமோ என்று பயந்து, ஒரு கட்டத்தில் அதை எறிந்துவிட்டு வெறுங்கையால் தோண்ட ஆரம்பித்தாள். சூடு பொறுக்காமல் கையை உதறுவாள், மறுபடி தோண்டுவாள்.

விரலில் துணி தட்டுப்பட்டது.

பாப்பா அதைப் பிடித்து இழுத்தாள். சட்டைக் கை. அண்ணனின் நீலக் கட்டம் போட்ட சட்டையின் கை. அதற்குள் ஒரு கை இருக்கும் என்று அவள் உடம்பு முழுவதும் காத்திருந்தது. இழுக்க இழுக்கச் சட்டை மட்டும் வந்தது. நனைந்து, பழுப்பேறி, தோளில் கிழிந்து, காலியாக வந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு வேட்டி. பிறகு இன்னொரு சட்டை. பாதி மக்கி, பொத்தான்கள் மட்டும் வரிசையாக நின்றன. ஒரு துண்டு. ஒரு பனியன். குவியலின் வெவ்வேறு ஆழத்தில், ஒவ்வொன்றாக, மடித்து வைக்கப்பட்டிருந்தன.

அவள் எல்லாவற்றையும் தரையில் போட்டுவிட்டு அதன் நடுவில் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது அண்ணி எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன் அண்ணி?" என்றாள் பாப்பா. "அண்ணன என்ன பண்ணீங்க?"

அண்ணி அந்தக் கேள்விக்குக் கோபப்படவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, கிழிந்த நீலச் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்தச் சட்டைக்குத்தான் அன்னிக்குச் சண்ட. ரெண்டு நாளா இதையே போட்டுட்டு நாத்தம் அடிக்குது, கழட்டுங்கன்னேன். காட்டுக்குப் போறதுக்கு என்ன கல்யாணச் சட்டையான்னு சிரிச்சாரு. பிடிச்சு இழுத்தேன், கிழிஞ்சிடுச்சு. அப்புறம் வேற சட்ட போட்டுட்டுப் போனாரு." கிழிந்த தோளை ஒன்று சேர்த்து வைத்தாள். "மறுநாள் விடியறப்ப அவரு வந்தாரு, பாப்பா."

"எங்க?"

"இங்கதான். ஜன்னல்ல பார்த்தேன். குவியல்ல கைய வச்சுட்டு நின்னாரு, சூடு பாக்குற மாதிரி. உடம்பெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. நான் ஓடி வந்தேன். திரும்பியே பாக்கல. நான் கிட்ட வரதுக்குள்ள அங்க ஆவிதான் இருந்துச்சு. அப்பவே தெரிஞ்சிடுச்சு எனக்கு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா? அவரு போயிட்டாருன்னு பெண்டாட்டியே சொல்லிட்டாளேன்னு எல்லாரும் தேடுறத விட்டிருப்பாங்க. உடம்பாவது கிடைக்கணும்ல."

அண்ணி சட்டையின் ஈரத்தை விரலால் தடவிக்கொண்டே பேசினாள். ஒருவேளை கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அப்போதுதான்.

"வீட்டுக்குள்ள இது ஆணியில தொங்கிட்டிருந்துச்சு. திரும்புற பக்கமெல்லாம் ஆள் நிக்குற மாதிரி இருக்கு. எரிக்க மனசு வரல. யாருக்காவது கொடுத்தா, அவங்க போட்டுட்டு எதிர்ல வந்தா நான் தாங்க மாட்டேன். அன்னிக்கே கொண்டு வந்து இதுக்குள்ள வச்சேன். நூல் துணிதானே, மெதுவா போகட்டும்னு. அப்புறம் ஒவ்வொண்ணா வச்சேன். இது ஆறிட்டா எல்லாம் முடிஞ்சு போன மாதிரி ஆயிடுமேன்னு, ஓட்ட போட்டு ஓட்ட போட்டு எருத்தண்ணி ஊத்துனேன்."

நாய் ஏன் குரைத்தது என்று பாப்பாவுக்கு இப்போது விளங்கியது. குவியல் ஏன் ஆறவில்லை என்பதும் விளங்கியது. நெஞ்சில் இருந்த பாறை உருண்டு போனது போல இருந்தது. அது உருண்ட இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது.

"நேத்துகூட ஊத்துனீங்களா?" என்று சும்மா கேட்டுவைத்தாள்.

அண்ணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "மழை வந்ததுலேர்ந்து ஊத்தலையே. நீதான் ஊத்துறியோன்னு நினைச்சேன்."

இருவரும் குவியலைப் பார்த்தார்கள். தோண்டிய பள்ளத்திலிருந்து ஆவி நேராக எழுந்துகொண்டிருந்தது.

அன்று மாலையே பாப்பா ஹாரன் வீட்டுக்குப் போனாள். அவன் லாரிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். அவள் காலைப் பார்த்ததும் வெளியே வந்தான். முகம் வற்றிப்போயிருந்தது.

"ஏண்டா, எங்க மூஞ்சியில முழிக்கக்கூடாதுன்னு இருக்கியா?"

"என்ன மூஞ்சிய வச்சுட்டு வரது, பாப்பாக்கா? கூட்டிட்டுப் போனவன் நான். விட்டுட்டு வந்தவனும் நான்." கையிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "லீவு நாள்ல எல்லாம் காட்டுக்குத்தான் போறேன். சுத்திச் சுத்தி அந்த மரத்துக்கிட்டயே வந்து நிக்குறேன்."

"எந்த மரம்?"

"பாதையோரம் விழுந்து கிடக்குமே, அது."

"அது என்ன நிறம்?"

ஹாரன் யோசித்தான். "வெள்ளையா, நார் நாராதான் இருக்கு."

மறுநாள் மூவரும் ஒரு வனக்காவலரோடு காட்டுக்குப் போனார்கள். பாதையோரத்து மரத்தை அண்ணி ஒருதடவை கிள்ளிப் பார்த்தாள். வெள்ளையாக மக்கிய மரம். டாக்டர் இதை ஏறெடுத்தும் பார்த்திருக்க மாட்டார். "இத்தன பேரும் மனுஷனத் தேடுனாங்க" என்றாள் அண்ணி. "நாம மரத்தத் தேடுவோம்."

சிவந்து மக்குவது வேறு சாதி மரம். அது சரிவின் மேல்பக்கம் இருக்கிறது என்றார் காவலர். ஏறினார்கள். மழையில் நனைந்த சருகு காலுக்கடியில் வழுக்கியது. எல்லாருக்கும் முன்னால் அண்ணி போனாள், வழி தெரிந்தவள் போல. ஒரு இடத்தில் நின்று குனிந்தாள். ஈரச் சருகின் மேல் செங்கல்பொடி சிந்தியது போல ஒரு கோடு, சரிவில் கீழ்நோக்கி இறங்கியது. மேலே ஒரு பெரிய மரம் கிடந்த தடம் இருந்தது, மரம் இல்லை. அது இடம் பெயர்ந்து உருண்டு, புதர்களை நசுக்கிக்கொண்டு கீழே ஓடைப் பள்ளத்தில் போய் விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்தை மேலிருந்து கொடிகள் மூடியிருந்தன.

ஓடையில் பாதி நிரம்பிய சாக்கு ஒன்று தண்ணீரில் ஊறிக் கிடந்தது. அதன் வாயிலிருந்து ஏதோ செடி முளைத்திருந்தது. அதற்கப்பால், மரத்துக்கு அடியில், அவர் இருந்தார்.

ஹாரன் சரிவிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். காவலர் பாப்பாவைத் தடுத்தார். அண்ணியைத் தடுக்கவில்லை, தடுத்திருந்தாலும் அவள் நின்றிருக்க மாட்டாள். அவள் ஓடையில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்றாள். அப்போதுதான் அழுதாள். இத்தனை நாள் அடக்கிவைத்ததெல்லாம் வந்தது. காட்டில் அந்தச் சத்தம் எங்கெங்கோ போய் மோதித் திரும்பியது.

மார்பு நசுங்கி உடனே உயிர் போயிருக்கும், கிடந்து துடித்திருக்க மாட்டார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பாப்பா அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தலையை மட்டும் ஆட்டினாள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, பாப்பா உடை மாற்றாமலே வடக்கு மூலைக்குப் போய்க் கையை உள்ளே விட்டாள். சில்லென்றிருந்தது. முழங்கைவரை விட்டாள். அங்கும் சில்லென்றிருந்தது. இந்த அளவு கனம் உள்ள குவியல் நான்கைந்து நாளில் இப்படி ஆறாது என்பது அவளுக்குத் தெரியும். இது பல மாதங்களாக ஆறிக் கிடந்த குளிர்ச்சி. அண்ணி பின்னால் வந்து நின்றாள். அவளும் கைவைத்துப் பார்த்தாள்.

அதைச் சலித்தார்கள். தோண்டிய அன்றே அண்ணி மறுபடி உள்ளே வைத்து மூடிய துணிகளில் ஒரு நூல்கூட மிஞ்சவில்லை, மக்காத பொத்தான்கள் மட்டும் சல்லடையில் தங்கின. அண்ணி அவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டாள். தட்டில் தூவிய முள்ளங்கி ஒன்று விடாமல் முளைத்தது. பாப்பா அந்தக் கலவையை விற்க வேண்டாம், வீட்டோடு வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

"வேணாம்" என்றாள் அண்ணி. "எல்லாத்தையும் நாற்றுப்பண்ணைக்கு ஏத்திவிடு. நாலு பக்கம் போகட்டும். இங்கயே வச்சுட்டுக் கிடந்தா நாமும் மக்கிப் போயிடுவோம்."

நாற்றுப்பண்ணைக்காரர் மூட்டையைப் பிரித்து, ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "இப்படி ஒரு இலைமக்கு நான் பாத்ததே இல்லம்மா. என்ன போட்டீங்க?" என்று கேட்டார். பாப்பா லாரியின் பின்பலகையைச் சாத்திக்கொண்டே, "சருகுதான்" என்றாள்.

அதன்பிறகு முற்றத்தில் எதுவும் நடக்கவில்லை. ஆவி பரவலாக எழுந்தது. குவியல் அமிழும் சத்தம் வெறும் சத்தமாக இருந்தது. அண்ணி முன்னைவிடக் கொஞ்சம் அதிகம் பேசினாள். சில சமயம் சிரிக்கக்கூடச் செய்தாள். பாப்பாதான் விடிந்ததும் ஜன்னலுக்குப் போய் நிற்பாள். ஒரு காலத்தில் பயந்து சாத்திய ஜன்னலை இப்போது திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

அடுத்த வேனில் வந்தது. சருகு அள்ள அனுமதி கிடைத்தது. போவது யார் என்ற பேச்சே எழவில்லை. பாப்பா ஒரு கட்டுச் சாக்கை எடுத்து லாரியில் போட்டுவிட்டு ஹாரனுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

வெயில் மரங்களுக்கிடையே துண்டு துண்டாக விழுந்துகொண்டிருந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் சருகை வாரிக் கூட்டினார்கள். ஓடைப் பள்ளம் இருந்த திசைக்கு முதுகைக் காட்டியபடியே பாப்பா வேலை செய்தாள். சாக்குகள் நிரம்பிக்கொண்டு வந்தன. நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டபோதுதான் கவனித்தாள். ஹாரன் வாரியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறான். அவளும் நின்றிருக்கிறாள். ஆனால் சருகு வாரும் சத்தம் நிற்கவில்லை.

மரங்களுக்கு அந்தப் பக்கம், சரிவின் மேலே, யாரோ வாரிக்கொண்டிருந்தார்கள். நீளமாக இரண்டு இழுப்பு, குட்டையாக ஒன்று. கொஞ்சம் நிறுத்தம். மறுபடி நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று.

ஹாரனின் உதடு அசைந்தது. பாப்பா கையை உயர்த்தி, பேசாதே என்று சைகை காட்டினாள். அண்ணியைக் கூட்டி வந்திருக்க வேண்டுமோ என்று தோன்றியது. கூட்டி வராததே நல்லது என்றும் தோன்றியது. மேலே ஏறிப் போய்ப் பார்க்கலாம். சருகு காய்ந்து கிடந்தது, வழுக்காது, ஏறுவது சுலபம். அவள் ஒரு அடி வைத்தாள். பிறகு அந்தக் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு பழைய இடத்திலேயே நின்றாள்.

"என்ன பண்றது, பாப்பாக்கா?" என்றான் ஹாரன், கிசுகிசுவென்று.

"லோடு நிரம்பலையே" என்றாள் பாப்பா. "வாரு."

இருவரும் குனிந்து வாரினார்கள். மேலே இருந்தவரும் வாரிக்கொண்டிருந்தார். கடைசிச் சாக்கின் வாயைக் கட்டும்வரை அந்தச் சத்தம் கூடவே இருந்தது. லாரி கிளம்பி, காட்டுப்பாதையிலிருந்து தார்ரோட்டில் ஏறியபிறகுதான் ஹாரன் அழ ஆரம்பித்தான். பாப்பா அவன் தோளில் கைவைத்து, ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னாள்.